அரை மைல் தள்ளி

அட, உக்காருங்க தம்பி, அதுக்குள்ள என்ன அவசரம். காப்பி ஆறிப்போயிருக்கும், வேற ஊத்துறேன். கேக்கு எடுத்துக்கோங்க. சர்ச்சுப் பொம்பளைங்க கொண்டாந்து குவிச்சது இன்னும் ஃப்ரீசர் நெறைய கெடக்கு. சாவு வீட்டுல இவ்வளவு பசிக்கும்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்களோ.

சரி, சட்டத்துக்கு வருவோம். உங்க செனட்டர் ஐயா அதுக்கு எம் பையன் பேரையே வைக்கிறாராக்கும். ட்ராவிஸ் சட்டம். கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்த அயோவா மாநிலத்துல அவன் பேர்ல இதுவரைக்கும் இருந்தது, வேகமா வண்டி ஓட்டுன கேசு ஒண்ணுதான்.

பட்டாளத்துக்காரன் அடக்கத்துல அட்டை தூக்கிக் கத்துறவன் இனிமே அரை மைல் தள்ளி நிக்கணும், அதானே? நிக்கட்டும். ஆனா அன்னிக்கு அவங்க நின்னது எங்கன்னு தெரியுமா? சோளக் கிடங்குக்கு அந்தாண்ட, அதுவே அரை மைல் இருக்கும். ஏழெட்டுப் பேரு, நாடு பண்ற பாவத்துக்குத்தான் கடவுள் பட்டாளத்துப் புள்ளைங்களச் சாகடிக்கிறாருன்னு ஊர் ஊராப் போயிக் கத்துற ஏதோ ஒரு சர்ச்சுக் கூட்டம். ட்ராவிஸ் செத்ததுக்குக் கடவுளுக்கு நன்றின்னு எழுதியிருந்தாங்களாம். நான் எங்க பாத்தேன்? மறுநாள் டிவியில உங்க ஐயா படிச்சுக் காமிச்சப்பதான் தெரியும். நாலு தடவ படிச்சாரு, பாவம், கோவம் தாங்காம.

வயிறு எரியாதா, பெத்தவ இல்லையா நானு? நாசமாப் போறவங்க. ஆனா அப்படிப் பேசறதும் உரிமைதான்னு பெரிய கோர்ட்டே சொல்லிருச்சாமே.

நம்ம ஊரு சும்மா விடுமா? அவங்க வண்டி நிறுத்த எடமே இல்லாமப் பண்றோம்னு ஆளாளுக்கு பிக்கப் வண்டியக் கொண்டாந்து ரோட்டோரம் பூரா அடைச்சுட்டாங்க. கடைசியில எம் புருஷன் லீராய்தான் வண்டிய எங்கேயோ விட்டுட்டு, இடுப்பு வலியோட நடந்து வந்தாரு, மகன் அடக்கத்துக்கு.

அப்புறம் மோட்டார் பைக்காரங்க, பட்டாளத்தான் அடக்கம்னா காவலுக்கு வந்து நிக்கிற கூட்டம். மூணு மாநிலத்துலேர்ந்து வந்திருந்தாங்க. நல்ல சனம் தம்பி, முன்னப்பின்ன தெரியாதவனுக்குத் தாடி நனைய அழுதாங்க. அம்மா காதுல கெட்ட வார்த்தை ஒண்ணும் விழக்கூடாதுன்னு அத்தன பேரும் ஒண்ணா எஞ்சின முறுக்குனாங்க. விழலை. ஒண்ணுமே விழலை. பாதிரியார் வாய் அசஞ்சுது. கொம்பு ஊதுனவன் கன்னம் உப்புனது தெரிஞ்சுது.

எழுதிக்கோங்க, வேணாங்கல. ஆனா கையெழுத்துப் போடறன்னிக்கு அவரு பக்கத்துல நின்னு போட்டோ புடிக்க நான் வரலை. எம் பையன் பேரும் வேணாம். கோவமெல்லாம் இல்ல. காரணம் கேட்டா என்னத்தச் சொல்றது.

பெட்டி மேல போத்துன கொடிய மடிச்சுக் கொண்டாந்து பெத்தவ மடியில வைப்பாங்கல்ல? நாடு நன்றி சொல்லுதுன்னு ஒரு வரி சொல்லுவாங்க, எல்லாருக்கும் அதே வரிதான். எனக்குக் கொண்டாந்தவன் ஹெக்டர்னு ஒரு பையன். ட்ராவிஸ் உசுரு போறப்ப பக்கத்துல இருந்தவன். மண்டி போட்டு என் காதுகிட்ட வந்தான். அந்த வரி முடிஞ்சப்புறமும் பேசிக்கிட்டே இருந்தான், கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்கு எஞ்சின் சத்தந்தான் கேக்குது. கேட்ட மாதிரி தலைய ஆட்டிவச்சேன்.

என்ன சொன்னேன்னு அவனக் கேக்காம இருப்பேனா? திரும்பிச் சண்டைக்குப் போயிட்டான், வரட்டும், நேர்ல கேப்போம்னு இருந்தேன். போன வாரம் அவனையும் டெக்சாஸ்ல புதைச்சுட்டாங்க. அவங்கம்மாகிட்ட போன்ல பேசுனேன். அங்கயும் பைக்காரங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்களாம், ஒரு வார்த்தைகூடக் காதுல விழலையாம்.