ஏழாம் இருக்கைச் சில்லுக்குக் கையெழுத்திட்ட எங்கள் அடுப்பக்காவுக்கு

சூட்டிலும் குளிரிலும் சோதித்துச் சோதித்துச் சில்லுகளைச் செம்மை செய்த செம்மலே! குலுக்கு மேசையின் கூச்சலுக்கு நடுவிலும் குரலை உயர்த்தாத குணக்குன்றே! 'தேறவில்லை' என்னும் ஒற்றை முத்திரையால் எங்கள் தூக்கத்தைத் தொலைத்து, முகம் தெரியாத எத்தனையோ பேரை நிம்மதியாகத் தூங்க வைத்த தூயவரே!

இந்த மூன்று விளிகளோடு நிறுத்திக்கொள்கிறோம். முப்பது வரை எழுதி வைத்திருந்தோம். ஆனால் போன திங்கட்கிழமை எங்கள் கிடங்குப் பொறுப்பாளரைப் படிக்கட்டில் மடக்கி நீங்கள் இட்ட உத்தரவு எங்கள் எல்லோர் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "வழியனுப்பு மடல் நீங்கதான் எழுதறீங்களாமே. மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தா எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன்." நீங்கள் சொன்னால் செய்பவர் என்பதை முப்பத்தொரு ஆண்டுகளாகப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். ஆகையால், இந்த இரண்டாம் மாடி உணவுக்கூடத்தில் தேநீர் ஆறுவதற்குள், வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடுப்பக்கா. பீரோ உயரத்தில் நிற்கும் வெப்பப் பெட்டியே அவருடைய அடுப்பு. நூற்றிருபத்தைந்து டிகிரி வரை கொதிக்கும், மைனஸ் நாற்பது வரை உறையும் அந்தப் பெட்டிக்குள் நாங்கள் உருவாக்கும் கணினிச் சில்லுகளை வைத்து, வாட்டி எடுத்து, நடுங்க வைத்து, பிறகு குலுக்கு மேசையில் கட்டி உதறு உதறென்று உதறி, அதற்குப் பின்னும் கணக்குத் தவறாமல் போடுகிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. தொலைபேசியை எடுத்தால் "அடுப்பக்கா பேசறேன்" என்றே சொல்வார். வெளியூரிலிருந்து பேசியவர் ஒருவர், "கேன்டீன் வேணாங்க, சோதனைக்கூடத்துக்குக் குடுங்க" என்று கேட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர் கை பட்டு வெளியே போன சில்லுகள் ஏராளம். மின்தூக்கிகளிலும் தண்ணீர் இறைக்கும் எந்திரங்களிலும் மருத்துவமனைக் கருவிகளிலும் அவை இன்றைக்கும் உழைக்கின்றன. ஆனால் போனவை எவையும் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழுதானவை மட்டுமே பெட்டியில் கட்டப்பட்டு, புகார்க் கடிதத்தோடு அவர் மேசைக்குத் திரும்பி வந்தன. ஒருநாள் மதியம் அப்படி வந்த பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "கெட்டுப்போனதுங்க மட்டும்தான் என்னைத் தேடி வருதுங்க. நல்லா இருக்கேன்னு ஒண்ணாவது சொல்லிக் கேக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லில் இருந்த ஏக்கம் அறையில் இருந்த நாலு பேருக்கும் உறைத்தது.

அந்த ஏக்கத்தைத் தீர்க்க வந்ததுபோல் வந்தது விண்வெளிச் சில்லு. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் மூன்று சிறு கணினிகள். மூன்றும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும். விண்வெளியின் கதிர்வீச்சு பட்டு ஒன்று தடுமாறினால், மற்ற இரண்டும் சொல்வதை அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் ஒருநாளும் நடக்காத அதிசயம் அது. எங்கள் வடிவமைப்பாளர் ஏழாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. மேலே போனதும் முதல் வேலையாகத் தன் நலத்தைத் தானே ஒரு வரியில் கீழே சொல்லும்படி அதை அமைத்திருந்தார். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது அடுப்பக்காவின் ஆசை. வேறு எதையும் அவர் இந்த அலுவலகத்திடம் கேட்டதில்லை.

தனி ராக்கெட் பிடித்து அனுப்ப நாங்கள் எங்கே போவது? பெரியதொரு வானிலைச் செயற்கைக்கோள் புறப்படும் ராக்கெட்டில் மிச்சமிருந்த இடத்தில், கைப்பெட்டியளவு சிறிய செயற்கைக்கோள் ஒன்றை ஏற்றினார்கள். அந்தக் கைப்பெட்டிக்குள் ஏழு இருக்கைகள். ஏழு குழுக்கள், ஏழு கருவிகள். பெட்டிக்கு வெயிலிலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஒரு நேரத்தில் ஒருவருக்கே போதும் என்பதால், இருக்கை வரிசைப்படிதான் ஒவ்வொருவரையும் முதல்முறை எழுப்புவார்கள். ஆளுக்கு மூன்று நாள். யார் முதலில் கருவியை ஒப்படைக்கிறார்களோ அவர்களுக்கு முதல் இருக்கை. நாங்கள் இரண்டாம் இருக்கைக்குத் தயாராக இருந்தோம்.

அங்கேதான் அவர் குறுக்கே வந்தார். இந்த மடலில் அதை மறைப்பது முறையல்ல. மைனஸ் முப்பத்திரண்டு டிகிரியில் சில்லை இருநூறு முறை எழுப்பிப் பார்த்ததில், ஒரே ஒருமுறை அது வாய் திறக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பது முறை கணீரென்று பதில் சொன்ன சில்லுக்கு, அவர் 'தேறவில்லை' முத்திரையைக் குத்திவிட்டார்.

வடிவமைப்பாளர் கெஞ்சாத குறை. "இருநூத்துல ஒண்ணுக்கா அக்கா? இருக்கை போயிடும்."

"மேல போனப்புறம் அந்த ஒண்ணு மொதல்லயே வந்தா என்ன பண்ணுவீங்க? ஏணி போட்டு ஏறுவீங்களா?"

நாலு நாள் நாங்கள் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓய்வு பெறப் போகிறவருக்கு என்ன, நம் உழைப்பல்லவா போகிறது என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் உண்டு. அவர்களும் இன்று இந்த உணவுக்கூடத்தில்தான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் நுண்ணோக்கிக்கு அடியில் அது தெரிந்தது: சில்லின் நாற்பத்தொன்றாம் கம்பிக்காலில், பற்றவைத்த இடத்தில், முடியை விட மெல்லிய விரிசல். குலுங்கிக் குலுங்கி மேலே போயிருந்தால் அங்கேயே விட்டுப் போயிருக்கும். அதைச் சரிசெய்து, அடுப்பில் ஏற்றி, குலுக்கி, மீண்டும் இருநூறு முறை எழுப்பி, அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது பதினாறு நாள் கழிந்திருந்தது. மிச்சமிருந்தது ஏழாம் இருக்கை.

அந்தக் கையெழுத்தால் தன் ஒரு வரி பதினைந்து நாள் தள்ளிப்போகும் என்று அவருக்கு அன்றே தெரியும். பெரிய செயற்கைக்கோளுக்கு ஒவ்வொன்றாக ஏதோ கோளாறு வந்து, ராக்கெட் நாலுமுறை தள்ளிப்போய், கடைசியில் பத்தொன்பது நாளுக்கு முன்னர்தான் கிளம்பியது. இரண்டாம் இருக்கை கிடைத்திருந்தால் அவர் இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த ஒரு வரியைக் கேட்டிருப்பார். ஏழாம் இருக்கையின் முறை நாளை. நாளை காலை பத்து நாற்பதுக்குத் தொடங்கி, பூமியைச் சுற்றும் அந்தப் பெட்டி நம் தலைக்கு மேலே கடக்கும் பதினொரு நிமிடம். அவருடைய பணியோ இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

இந்தப் பத்தொன்பது நாளும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெறும் அடுப்பைத் திறந்து பார்ப்பார், மூடுவார். தினமும் நாலு மணித் தேநீர் நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வரும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தையல் கடைக்காரரான அவர் கணவர்தான்.

"பேசுச்சாம்மா?"

"நம்ம முறை வரலைங்க."

"எங்கிட்ட தைக்கக் குடுத்தவங்ககூட இவ்வளவு நாள் காத்திருந்ததில்ல."

அவர் சிரித்துவிட்டு வைப்பார். வைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் தொலைபேசியின் மேலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத்தான் தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல் நாங்கள் ஒரு காரியம் செய்தோம்.

ஆறாம் இருக்கைக்காரர்கள் கடற்பாசியைப் படமெடுக்கும் கேமராவை அனுப்பியவர்கள். அடுப்பக்காவுக்குத் தெரியாமல் அவர்களிடம் பேசினோம். கதையைக் கேட்டு அவர்களும் மனமிரங்கி, தங்கள் முறையிலிருந்து ஒரே ஒரு சுற்றை விட்டுக்கொடுத்தார்கள்: இன்று விடியற்காலை ஐந்து மணிச் சுற்று. இன்றென்றால் அவர் இன்னும் பணியில் இருப்பவர். வெற்றிக் களிப்போடு, முந்தாநாள் ஆறு பேர் சேர்ந்து அவர் முன்னால் போய் நின்றோம்.

"அக்கா, வேலையில இருக்கும்போதே நீங்க கேட்டுடலாம். ஒரு சுத்து வாங்கிட்டோம்" என்றார் வடிவமைப்பாளர்.

அவர் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, ஆறு பேரும் பார்த்தோம். அப்புறம் கேட்டார்: "எத்தனை மணிக்கு?"

"விடியக்காலம் அஞ்சு."

"பெட்டி அப்பத்தானே பூமியோட நிழல்லேர்ந்து வெளிய வரும்? உள்ள எவ்வளவு குளிரும்?"

"மைனஸ் இருபத்திரெண்டு."

"மொதல் தடவை எழுப்பறதுக்கு நாம என்ன எழுதியிருக்கோம்?"

பதில் ஆறு பேருக்கும் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது முதல்முறை எழுப்பக் கூடாது. பத்து நாற்பதுச் சுற்றைத் தேர்ந்தெடுத்ததே, பெட்டி அதற்குள் நன்றாக வெயில் காய்ந்திருக்கும் என்பதற்காகத்தான். அந்த விதியை எழுதியவர் அவர். அச்சிட்டுச் சுவரில் ஒட்டியவர்கள் நாங்கள். அன்பு கண்ணை மறைத்த அவசரத்தில், எங்கள் சுவரில் இருந்ததையே நாங்கள் படிக்க மறந்தோம்.

"இருபத்திரெண்டுலயும் எழுந்துக்கும் அக்கா. நாப்பதுலயே எழுந்துச்சே" என்று ஒருவர் முனகினார்.

"எழுந்துக்கும். அடுப்புக்குள்ள எழுந்துச்சு. ராக்கெட்ல குலுங்கிப் போனப்புறம் எழுந்துச்சான்னு யாரு பாத்தது?" என்றவர், "எனக்கும் ஆசை இல்லாமலா? என் ஆசைக்காக அதைக் குளிர்ல எழுப்பக் கூடாது. அவங்க சுத்தை அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றார்.

கொடுத்துவிட்டோம். இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெட்டி நம் தலைக்கு மேலே போனது, சில்லு உறங்கியபடியே போனது. அந்நேரத்தில் அவரும் விழித்துக்கொண்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் கணவர் சற்று முன் எங்களிடம் போட்டுக்கொடுத்தார்.

இதற்கு மேல் வேறு யாரோ போல் பேச எங்களால் முடியவில்லை. எழுந்து போவதானால் போங்கள் அக்கா, வாசலில் காவலாளியிடம் மடக்கச் சொல்லி வைத்திருக்கிறோம்.

நாளைக்கு வெளியாள் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கி உங்களிடம் நீட்டினோம். அதையும் மறுத்துவிட்டீர்கள். "நான் அங்க உக்காந்தா எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பீங்க. இருக்கறதே பதினொரு நிமிஷம். திரையைப் பாருங்க." சரி, பேசியதும் அந்த நொடியே தொலைபேசியிலாவது சொல்கிறோம் என்றோம். அதற்கும் ஒரு நிபந்தனை. "பேசிட்டா அதுக்கப்புறம் உங்களுக்கு நூறு வேலை இருக்கும். அதை விட்டுட்டு என்கிட்ட கதை பேசாதீங்க. பேசலைன்னா மட்டும் கூப்பிடுங்க. உடனே கூப்பிடுங்க. பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன்."

நல்ல சேதிக்காக முப்பத்தொரு ஆண்டுகள் ஏங்கியவர், அது வரும் நாளில் தனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். எங்களுக்கு மனம் கேட்கவில்லை. ஆனாலும் கையடித்துக் கொடுத்தோம்.

நூறாண்டு நோயின்றி நீங்களும், துணையாய் அமைந்த தையற்கலைஞரும், சூடும் குளிரும் அளவாய் அமைந்த இல்லத்தில் சீரும் சிறப்புமாய் வாழ்க என உளமார வாழ்த்துகிறோம். அதற்கும் முந்திய வாழ்த்து ஒன்று உண்டு. நாளை காலை உங்கள் தொலைபேசி அடிக்காமல் இருக்கட்டும். பத்து ஐம்பத்தொன்றுக்குச் சுற்று முடியும். பதினொன்றாகும், நாங்கள் கூப்பிட மாட்டோம். பதினொன்றரை ஆகும், அப்போதும் கூப்பிட மாட்டோம். கை துடிக்கும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வோம். பன்னிரண்டு மணிக்கும் உங்கள் வீடு அமைதியாக இருந்தால், அக்கா, அது நல்லா இருக்கேன்னு சொல்லிவிட்டது.

இப்படிக்கு,
உங்களைக் கூப்பிட நேரக் கூடாதே என்று தவிக்கும்,
சோதனைக்கூடத்தாரும் வடிவமைப்புப் பிரிவினரும்
கிடங்குப் பொறுப்பாளரும் வாயிற்காவலாளரும்