மூன்றாவது ஓட்டம்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் ஒரு கை கூடிவிட்டது, பரவாயில்லை. எங்கள் ஆபீஸ் மெஷினில் வருவதை டீ என்று சொன்னால் டீயே கோபித்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே ஒரு சின்னப் பெட்டி நிற்குமே, நரம்பு வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, அந்தப் பம்பைச் செய்வதும் அதை ஓட்டும் சாஃப்ட்வேரை எழுதுவதும் எங்கள் நிறுவனம். எழுதியது சரியா என்று சோதிப்பது என் குழு. நான் வந்த புதிதில் எல்லாவற்றையும் கையால்தான் சோதித்தார்கள். ஆளுக்கொரு பம்பை மேஜையில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குவது, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது, மறுபடி அமுக்குவது. ஒரு புதுப் பதிப்பு வெளியே போவதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிடும். அதனால்தான் அந்த வேலையைத் தானே செய்யும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தேன். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தேன்.

அதை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி மேடையேறிப் பேசியே இருக்கிறேன், கை தட்டினார்கள். கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். கருவியை வாங்குவது சுலபம், வாங்கியதைக் கட்டி மேய்க்க ஆள் வேண்டும். சாஃப்ட்வேர் மாறும்போதெல்லாம் சோதனைகளையும் மாற்றி எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சோதனை தோற்றுச் சிவப்பு காட்டினால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஏன் என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் மேலாளரிடம் சொல்லத்தான் போனேன். அவரோ, இதனால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று மட்டும் கேட்டார். காலையில் வந்து காபி குடித்து முடிப்பதற்குள் எல்லாச் சோதனையும் முடிந்திருக்கும் என்று வாயை விட்டுவிட்டேன்.

"அப்போ இத்தனை பேர் எதுக்கு?" என்றார்.

கொஞ்ச நாளில் குழுவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னோடு ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்கள். அதற்குப் பிறகு அந்தக் கருவி தோற்கக் கூடாது, புரிகிறதா ஐயா? தோற்றால் அவர்கள் போனதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அடுத்துப் போகிறவன் நான். தினமும் ஆபீஸ் கதவைத் தள்ளியதும் திரையைத்தான் பார்ப்பேன். சோதனை முடிவுகளைக் காட்டும் பெரிய திரை, உள்ளே சுவரில். எல்லாம் பச்சையாக இருந்தால் மேலாளர் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் நின்று என் பக்கம் திரும்புவார். அவர் திரும்புகிற அந்த நேரத்துக்குப் பயந்தே என் நாட்கள் போயின.

மிஞ்சியவர்களில் ஒரு பெண் இருந்தாள். நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, படியிறங்கி, திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம்.

"சார், அந்த கரண்ட் டெஸ்ட் மறுபடியும் சிவப்பு," என்று வந்து நின்றாள்.

வலி மருந்தை முதலில் சற்று நேரம் வேகமாக ஏற்றிவிட்டு, பிறகு மெதுவாக்க வேண்டும்; வேகமாகவே போனால் மூச்சே நின்றுவிடும். நடுவில் கரண்ட் போய் வந்தால், பம்ப் பேட்டரிக்கு மாறி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எங்கள் பம்ப் எப்போதாவது, யாரோ புது நோயாளி என்று எண்ணிக்கொண்டு, மறுபடி வேகமாகத் தொடங்கியது. எப்போதாவதுதான்.

"மறுபடி ஓட்டிப் பாரும்மா."

ஓட்டினாள். பச்சை.

"பாத்தியா? டெஸ்டுக்குத்தான் கிறுக்கு. பம்புக்கு ஒண்ணும் இல்ல."

"கிறுக்கு டெஸ்டுக்கா பம்புக்கான்னு பாக்காம எப்படி சார் சொல்றது?"

பார்க்க ஆள் ஏது ஐயா? அதனால் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். எது சிவப்பானாலும் கருவி தானாகவே அதை மறுபடி ஓட்டும், மூன்று முறை வரை. கடைசி முடிவு எதுவோ அதுதான் முடிவு. முந்தியவற்றை யாருக்கும் காட்டாது. மறுநாளிலிருந்து திரை பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. மேலாளர் என் தோளில் தட்டினார், அந்தப் பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. சந்தேகம் சில நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கிப்போனாள். நானும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது அந்தச் சமயத்தில்தான். சிறு வயதில் எனக்கு இருட்டென்றால் பயம் என்பதற்காக, விளக்கை அணைக்காமலே தூங்கப் பழகிக்கொண்டவர் அவர். கட்டிலருகே எங்கள் பம்ப் நின்றது. பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது.

"தம்பி, இது உங்க ஆபீஸ் மெஷின்தானே? அப்போ எனக்குப் பயமே இல்ல. நீங்க பாக்காம விட்டிருக்க மாட்டீங்க."

"ஆமா அண்ணி," என்றேன். வேறு என்ன சொல்வது?

மதியம் அண்ணனை என் பொறுப்பில் விட்டுவிட்டு அண்ணி சாப்பிடப் போனார். சாப்பிட்ட மயக்கம், நான் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். தலைக்கு மேல் ஃபேன் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றியிருக்கிறது. பம்பில் வேகத்தைக் காட்டும் எண் ஏறியிருக்கிறது. அண்ணனின் மூச்சு நீளமாக வந்து, இடைவெளி விட்டு, மறுபடி நீளமாக வந்து, பிறகு இடைவெளி மட்டும் இருந்திருக்கிறது. நான் விழித்தபோது அண்ணி அலறிக்கொண்டிருந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் யாரோ பம்பின் வயரைப் பிடுங்கி, பேட்டரியையும் அணைத்து, மறுபடி ஓடவிட்டதாகப் பம்பில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். அப்போது அறையில் இருந்தவன் நான் மட்டும்தான் என்கிறீர்கள். அண்ணி உள்ளே ஓடிவந்த வேகத்தில் கை கால் பட்டிருக்கலாம். பதற்றத்தில் அவருக்கே தெரிந்திருக்காது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஆமாம் ஐயா, காலையில் முதல் முறை நீங்கள் கேட்டபோது வேறு மாதிரிதான் சொன்னேன். விழித்துத்தான் இருந்தேன், எண் ஏறுவதைப் பார்த்தேன், நிறுத்தும் பட்டன் வரை கை போனது என்றேன். அமுக்கினால் அலாரம் அடிக்கும், நர்ஸ் வந்து ஏன் என்று கேட்பார், காரணம் சொன்னால் சுவரிலிருக்கும் பச்சை அத்தனையும் பொய்யாகிவிடும், அதனால் கையை எடுத்துவிட்டேன் என்றேன். இரண்டாவது முறை கேட்டபோது மிச்சத்தையும் சேர்த்துச் சொன்னேன். தானாகச் சரியாகும் என்று காத்திருந்தேன், ஆகவில்லை, கடைசியில் நானே அணைத்து மறுபடி ஓடவிட்டேன், அந்த முறை பம்ப் ஒழுங்காக ஓடியது, அண்ணனின் மூச்சுதான் திரும்பவில்லை என்றேன். அப்போது அழுததாகக்கூட நினைவு.

அவை இரண்டையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். தூங்கிப்போனேன் என்று இப்போது சொன்னேனே, அது மூன்றாவது. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.