பின்காலில் முழு எடை

பூனையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? அது ஒருநாளும் பூனை நிலையில் நிற்பதில்லை. கராத்தேக்காரர்கள் நாங்கள்தான் பின்காலை மடக்கி, உடம்பின் எடை அத்தனையையும் அதன்மேல் ஏற்றி, முன்கால் விரல்களை மட்டும் தரையைத் தொட வைத்துவிட்டு, பாவம் பூனையின் தலையில் பழியைப் போட்டிருக்கிறோம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக இந்த ஒரே வேடிக்கையை வைத்துத்தான் காலம் தள்ளினேன்.

தரையில் அந்த மஞ்சள் டேப்பை ஒட்டியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிற என் மச்சினனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் செய்யவில்லை. அவனுக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. இந்த வேலையை அவன் செய்தான் என்று ஊர் பேசினால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

முதலில் யார் எப்படி நிற்பார்கள் என்று தெரிய வேண்டும். கோஜு பாணிக்காரர்களின் பூனை நிலை குட்டையானது. முதுகு நிமிர்ந்திருக்கும், கால்களுக்கு நடுவே அதிக இடம் இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருக்கும். நான் ஷிட்டோ பாணி. நாங்கள் நன்றாகத் தாழ்ந்து, பின்காலை இன்னும் ஒரு பாதம் பின்னால் தள்ளி வைப்போம். தொடை நடுங்கும். நடுங்கட்டும், அதற்குத்தானே வருகிறார்கள். ஷோட்டோகான்காரர்கள் பெரும்பாலும் இந்த நிலைக்குப் பதிலாக இதைவிட நீளமான ஒன்றில் நிற்பார்கள். முன்பாதத்தை முழுசாகப் பதித்து, எடையில் ஒரு பங்கை அதற்கும் கொடுத்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

என் மச்சினன் கோஜு. வெளியூரில் வேலை போய் அக்கா வீட்டுக்கு வந்து நின்றவனை, சரி போகட்டும் என்று நான்தான் சாயங்கால வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். வந்த புதிதில் எல்லோரும் அவனைச் சின்ன மாஸ்டர் என்றார்கள். கொஞ்ச நாளில் சின்ன என்பது போய்விட்டது. ஒருநாள் ஒரு பையனின் அம்மா வந்து, "ஐயா, மாஸ்டர் இல்லையா?" என்று என்னிடமே கேட்டாள். வகுப்பு வாசலில், கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிறேன், மேடம்.

அப்புறம் வீட்டிலும் ஆரம்பித்தது. என் மகள், கல்லூரி முடித்தவள், எனக்கு ஒரே பெண். அவளும் அவனும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வார்கள். நான் போனால் சத்தம் நின்றுவிடும். "ஒண்ணுமில்லப்பா" என்பாள். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கதவு? அவளையும் அவன் பக்கம் இழுக்கிறான், அவள் நிற்பதையே மாற்றுகிறான் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். சோத்துல உப்பு கூடினாக்கூட என் தம்பிதான் காரணம்பீங்க" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று அப்போது முடிவு செய்தேன்.

பெற்றோரைக் கூப்பிட்டு, ஒரே நிலையை ஒவ்வொரு பாணியிலும் எப்படி நிற்பார்கள் என்று காட்டலாம் என்பது அவன் யோசனை. முதலில் கோஜு, அடுத்தது ஷிட்டோ, கடைசியில் ஷோட்டோகான். மூன்றையும் தானே காட்டப்போவதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். என் நிலையை என் கண் முன்னாலேயே நின்று காட்டி, அது பழசு என்று சொல்வான் என்று நினைத்தேன்.

எங்கள் வகுப்பு ஒரு பழைய கிடங்கின் மாடி. அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய திறப்பு ஒன்று தரையில் உண்டு. மரமூடி போட்டு, கீழிருந்து ஓர் இரும்புச் சட்டம் அதைத் தாங்கும்படி செய்திருந்தோம். மேலே பாய் விரித்திருப்பதால் பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது. கால்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அன்றைக்குப் பாயைச் சுருட்டச் சொன்னது நான். முன்கால் வைக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியதும் நான். கோஜுவில் நின்றால் பின்கால் மூடிக்கு இந்தப் பக்கம் இருக்கும். என் நிலையில் நின்றால் மூடியின் ஓரத்தில் சரியாக இறங்கும். மூன்றாவது பாணிக்கு வேலை இருக்காது.

கீழே பெயின்ட் கடைக்காரரின் கிடங்கு. என்மேல் உள்ள நம்பிக்கையில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறார். காலையில் போய்ச் சட்டத்தை உருவினேன். சட்டம் இல்லாவிட்டாலும் மூடி தானாக விழாது, ஓரத்தில் ஓர் ஆளின் எடை ஏறினால்தான் கவிழும். நேர் கீழே இருந்த டிரம்களையும் சாக்குகளையும் சுவரோரம் நகர்த்தி வைத்தேன். அவர் சரக்குக்கு நஷ்டம் வரக்கூடாது. மச்சினனின் கால் ஒடிந்தால் போதும் என்று நினைத்ததாக எழுதிக்கொள்ளுங்கள். கீழே எவ்வளவு ஆழம், தரை சிமென்ட் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சினன் கோஜு நிலையைக் காட்டினான். நன்றாகத்தான் நின்றான், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு நகர்ந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "அடுத்ததை நான் காட்டப்போறதில்லை. எங்க அத்தான் மாதிரி நிக்க எனக்கு வராது. அவர் பொண்ணு காட்டுவா. அப்பாவுக்குத் தெரியாம, அவர் மாதிரியே நிக்கணும்னு ரெண்டு மாசமா என் உயிரை வாங்கிட்டா."

எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் டேப் அருகே வந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, தப்பு இருந்தா உடனே சொல்லுங்கப்பா."

நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நிதானமாகத்தான் நின்றாள், அவசரப்படக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. ஆனால் ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று மச்சினன் கேட்டிருப்பான். மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பான். அத்தனை பெற்றோருக்கும் முன்னால் அவன் நல்லவனாகியிருப்பான்.

இனி அவள் எழுந்து நிற்க வாய்ப்பில்லை என்று இன்று காலை டாக்டர் சொன்னார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். அவள் கேட்டதை நான் தட்டவில்லை. கண் இமைக்காமல் பார்த்தேன். முன்கால் பூப்போலத் தொட்டது, முழங்கால் உள்ளே அடங்கியிருந்தது, எடை முழுவதும் பின்காலில் இறங்கியது. அவ்வளவு சுத்தமாக நின்றாள். ஒரு தப்புகூட இல்லை, மேடம். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.