பாரசீகத்துக் கோழி

— இந்தத் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல, ஆதாம் காலந்தொட்டு இன்னைக்கு வரைக்கும், அந்தப் பறவையைக் கண்ணால கண்ட முதல் மனுசன் நான்தான், கேட்டியா சிவதாணு. இதைப் பெருமைக்குச் சொல்லல. சரித்திரத்துக்காகச் சொல்லுகேன்.

— சரித்திரம் கெடக்கட்டும் வே, செல்வதாசு. விடியக்காலம் முதல், ஆறு கடல்ல சேருத இந்த மணக்குடிப் பொழிக்கரையில தாழம்புதருக்குள்ள கமந்து கெடக்கேன். பச்சத்தண்ணி பல்லுல படல. முதுகுல எறும்பு ஊருது. கண்டதெல்லாம் உள்ளான் குருவியும் ஆலாப் பறவையும்தான்.

— அதுவள எவன் பாப்பான் மக்கா? பங்குனி கழியப் போவுது. வடக்கேருந்து வந்ததெல்லாம் இப்பம் ஊர் திரும்புற நேரம். அதுல ஒண்ணு ரெண்டு வழிதப்பி நம்ம கரையில எறங்கும். போன வியாழக்கிழமை எறங்கிச்சுல்லா, பாரசீகத்துப் பாலைவனப் பறவை! கோழியை விட ஒசரம். மணல் நிறம். கழுத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா இறகுத் தூவல் தொங்கும்.

— அதை நீரு பாத்தேருன்னு சொல்லித்தான் சயன்ஸ் வாத்தியார் வகுப்புல விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— சிரிச்சதோட விட்டாரா? "திங்கக்கிழமை பறவையோட வா. இல்லன்னா பெஞ்சு மேல ஏறி நின்னு, நான் சொன்னது புளுகுன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு"ன்னாரு. புளுகன்னு ஒரு வாட்டி பேரு விழுந்தா, பிறகு நான் காக்காயைப் பாத்தேன்னாலும் நம்புவாவளா?

— திங்கக்கிழமை நாளைக்கு வே!

— வரட்டும். நேத்து சாயங்காலம் மீன்வலையைப் போட்டு அதை உயிரோட பிடிச்சாச்சு. வீட்டுக் கோழிக்கூட்டுல கெடக்கு. எழும்பு, காட்டுகேன். நீதான் சாட்சி.

— பிடிச்சாச்சுன்னா பிறகு எதுக்கு என்னை இங்கன கமத்திப் போட்டேரு?

— ஜோடி இருக்குமோன்னு ஒரு ஐயம்.

— வெளங்கும். நடயும்... என்ன வே, உங்க வேதக்கோயில் முற்றத்துல இம்புட்டுக் கூட்டம்?

— சபை அசனம். வீட்டுக்கு ஒரு கோழி கொடுத்து, எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டுக் காய்ச்சி, ஊருக்கே பந்தி போட்டு விளம்புவாவ. ஓலைப்பட்டையை ஏந்திட்டு வரிசையா உக்காந்திருக்கதைப் பாத்தியா? பிரசங்கத்துக்கு வராத காலெல்லாம் குழம்பு மணத்துக்கு வந்திருக்கு.

— நீரு உக்கார மாட்டீரா?

— நானா? நான் சயன்ஸ் படிக்கிறவன். அந்தப் பட்டையை நான் கையால தொட்டா என் பேரு செல்வதாசு இல்ல. இந்தா, வீடு வந்தாச்சு. சத்தம் போடாம வா, அது மிரளும்... எம்மா! கூடு ஏன் தொறந்து கெடக்கு?

— வந்தியா என் மக்களே! பத்து நாளா, "அசனத்துக்கு ஒரு கோழி வாங்கிட்டு வாலே"ன்னு கெஞ்சினேன். காது கேளாதவன் மாதிரி திரிஞ்சே. இன்னைக்குக் காலைல கூட்டைத் தொறந்தா, நல்ல ஒசரமா ஒண்ணு நிக்கு! அம்மைகிட்டச் சொல்லாமலே வாங்கிப் போட்டிருக்கியே! எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

— எம்மா. அது எங்க?

— கொடுத்தாச்சு. உபதேசியார் உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினாரு. "நேசபாய் மகன் மனந்திரும்பிட்டான்"னு சொன்னதும் சபை முழுக்க ஆமென் போட்டுது.

— எம்மா... அது உயிரோட இருக்கா?

— உயிரோட எப்படி மக்களே விளம்புவாவ?

— வே! சுவரைப் பிடியும், சுவரைப் பிடியும்! அம்மா, இவருக்குக் கொஞ்சம் தண்ணி தாங்க.

— அது கோழி இல்லம்மா! பாரசீகம்! பாலைவனம்!

— வெளியூர்க் கோழின்னு எனக்கும் தோணிச்சு. கழுத்துல தொங்கினதைப் பாத்து, கொஞ்சம் வயசானதாக்கும்னு நெனச்சேன். அதனால அதை முதல்ல வேக வைக்கச் சொன்னேன்.

— தூவல்? தூவல் எங்க?

— அடுப்புல.

— தலை?

— பூனை.

— கடவுளே... சிவதாணு, கால்! கால் இருக்கும்! நாட்டுக்கோழிக்கு முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. இதுக்குப் பின்விரலே கிடையாது. ஒரு கால் கிட்டினாப் போதும், வாத்தியார் வாயடைஞ்சு போவாரு. எம்மா, காலை வெட்டிக் களைஞ்சாவளா?

— காலை யாராவது களைவாவளா? தோலுரிச்சு, மஞ்சள் தேச்சு, அண்டாவுல போட்டாச்சு. ஊருக் கோழி எல்லாத்தோடயும் கெடக்கும்.

— அண்டாவைக் கிளறிப் பாக்க விடுவாவளா?

— ஜெபம் பண்ணின சோறுலே! பந்தியில உக்காந்தாத்தான் கிட்டும். நான்தான் கறி விளம்புதேன், வா.

— சிவதாணு, நீ போயி உக்காரு மக்கா.

— நானா? நாங்க சைவம் வே. நான் கறிப்பந்தியில உக்காந்தேன்னு தெரிஞ்சா எங்க ஊரு பூதப்பாண்டியில எனக்குக் கருமாதி வச்சிருவாவ. நீரு போவும். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னு சாட்சி சொல்லுகேன்.

— ...இந்தப் பட்டையை எப்படிப் பிடிக்கணும்?

— ஸ்தோத்திரம்! உபதேசியாரே, இங்க பாருங்க, எம் மவன் பந்தியில உக்காந்துட்டான்!

— எம்மா, மெதுவா! பேரைச் சொல்லாத. கால் மட்டும் போடு. ஒல்லியா, நீளமா இருக்கது.

— இந்தா மக்களே, இருந்ததுலயே நீளமானது.

— வே! இங்கேருந்து தெரியல. எத்தனை விரலு?

— ம்ம்... ம்...

— செல்வதாசு! எத்தனைன்னு கேக்கேன்!

— எண்ண முடியல. குழம்பு அப்பியிருந்துச்சு. சப்பினாத்தான் விரல் தெரியும்னு வாயில வச்சேன்.

— அட பாவி! துப்பும் வே, துப்பும்! கடிச்சிராதேயும்! நாளைக்கு வாத்தியாருக்கு எதைக் காட்டுவேரு?

— எம்மா... இங்கன இன்னும் ஒரு கரண்டி விளம்பு.