பச்சையிலேயே நின்ன முள்ளு

இல்ல சிஸ்டர், நீங்க ஆஸ்துமா கிளாஸ்ல சொன்னதுல ஒண்ணுகூட விடல. சத்தியமா. வேணும்னா எங்க அண்ணியைக் கேளுங்க, உள்ள வாண்டுக்கு மாஸ்க்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கல்ல, அவங்கதான். இப்பக் கொஞ்சம் பரவாயில்லையா? விலா உள்ள இழுத்துச்சே, அது நின்னுச்சா? ம்... ம்... சரி. உக்காருறேன் சிஸ்டர். காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான்.

அம்மா அவங்க. நான் அத்தை. அன்னைக்கு முதல் வரிசையில உக்காந்து கேள்வியா கேட்டு உங்க உயிரை வாங்குனேனே, ஞாபகம் இல்லையா? அண்ணிக்குத் தையல் கம்பெனியில லீவு கிடைக்காது. அண்ணன் வரமாட்டேன்னுட்டான். நான் பரீட்சை முடிஞ்சு சும்மாதான் இருந்தேன். ரெண்டு பொண்ணுங்க எங்க வீட்ல, பெரியவளுக்கு ஒரு தும்மல்கூட கிடையாது. சின்னவளுக்குத்தான் இந்த மூச்சுத் தொல்லை. அவளுக்கு டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன் எல்லாம் நான்தான்.

என்ன பண்ணலைன்னு கேளுங்க! தரைவிரிப்பைச் சுருட்டிக் கடாசினேன். திரைச்சீலையெல்லாம் கழட்டிட்டேன். கரடி பொம்மையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், ஃப்ரீசர்ல வைங்கன்னீங்கல்ல? வச்சேன். யார்கிட்டயும் சொல்லல. அண்ணி காலையில ஃப்ரீசரைத் தொறந்து, உள்ள ரெண்டு கண்ணு முழிச்சுப் பாக்கறதைப் பாத்து ஒரு கத்து கத்துனாங்க பாருங்க, மாடி வீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. சிரிக்கிறீங்க நீங்க. தினம் போடற மூச்சு மருந்து பம்பு ஒரு வேளை தப்பல. ஸ்பேசர் குழாய் வச்சு, வாய் கொப்பளிக்க வச்சு, நான் கூடவே நின்னு. இப்ப வர்ற வழியில அவசரத்துக்குப் போடற நீல பம்பைப் போட்டுக்கிட்டேதான் வந்தேன்.

மூச்சளவு பாக்கற மீட்டரா? அதை விடுவேனா! தினம் சாயந்தரம் அதுதான் எங்க வீட்ல திருவிழாவே. ஃபூன்னு ஊதி முள்ளு பச்சையில நின்னா கைதட்டு, ஸ்டிக்கர், தோள்ல தூக்கிக்கிட்டு வீடு பூரா ஊர்வலம். மூச்சு குறைஞ்சு மஞ்சளுக்கு வந்தா... வந்தா என்ன, நீங்க சொன்ன மாதிரிதான். பம்பு போடு, ஓடாத, ஸ்கிப்பிங் ஆடாத. அப்புறம் ஏன் மஞ்சளாச்சுன்னு ஒரு விசாரணை. வீட்ல இருக்கற அத்தனை பேரையும் நிக்க வச்சுக் கேப்பேன். கேக்கணும்ல சிஸ்டர்? காரணத்தைக் கண்டுபிடிங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

நேத்தா? பச்சை. முந்தாநாள் பச்சை. கொஞ்ச காலமா பச்சையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. வண்டியில ஏறற வரைக்கும் அதானே மண்டை காஞ்சுது எனக்கு. பச்சையில இருக்கற புள்ளைக்கு எப்படி ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்கும்? உதடு ஒரு மாதிரி ஆயிருச்சு சிஸ்டர். அதைப் பாத்ததும் எனக்கு...

சிகரெட்டா. ம். அண்ணன்தான். வீட்டுக்குள்ள புடிக்க மாட்டான், படிக்கட்டுல நின்னு புடிப்பான். சட்டையில ஒட்டிக்கிட்டு வர்ற வாசனையும் ஆகாதுன்னீங்களே, சொல்லிச் சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. ஒருநாள் முள்ளு மஞ்சளுக்கு இறங்குச்சு. அன்னைக்குன்னு பாத்து அவன்கூட வேலை பாக்கறவங்க வந்து உக்காந்திருக்காங்க. எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ, மீட்டரைக் கொண்டுபோயி அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டேன். பாரு, நல்லாப் பாரு, பெத்த புள்ளையோட மூச்சையில்ல கொளுத்திக் குடிச்சுக்கிட்டு இருக்கன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு இறங்கிப் போனவன்தான். ஒர்க்‌ஷாப்லயே படுத்துக்கறான். அண்ணி கூப்பிட்டா போனை எடுக்கறான், நான் கூப்பிட்டா கட் பண்றான். புகை ஒழிஞ்சுதேன்னு நானும் விட்டுட்டேன். ஆமா, அதுக்கப்புறம்தான் எல்லாமே பச்சை. பாத்தீங்களா, நான் சொன்னது சரியாப் போச்சான்னு அண்ணிகிட்டப் பெருமை வேற. அவங்க பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

என் முன்னாடியா ஊதுவா? இல்லையே. நீ பாத்தா எனக்குச் சிரிப்பு வருது அத்தை, உள்ள போயி ஊதிட்டு வர்றேன்னு சொல்லுவா. அக்காவும் கூடவே போவா. கதவைச் சாத்திக்குவாங்க. முள்ளுதான் போன இடத்துலயே நிக்குமே, அப்படியே கொண்டுவந்து காட்டுவா. சில நாள் பச்சைக்கும் மேல, உச்சியில போயி நிக்கும். நான் குதிப்பேன்.

சந்தேகமா? வரல சிஸ்டர். சந்தோஷமா இருக்கறப்ப எப்படி வரும்?

வண்டியில வர்றப்ப பெரியவ என் மடியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு ஒரே அழுகை. தங்கச்சிக்காக அழுவுறான்னு முதுகைத் தட்டிக் குடுத்துக்கிட்டு வந்தேன். நான்தான் அத்தை ஊதுனேன்னா. தினமும் நான்தான் ஊதுனேன், அவ ஊதுனா மஞ்சள் வந்துருதுன்னா. ஏண்டி இப்படின்னு கேட்டா... மஞ்சள் வந்த அன்னைக்குத்தானே அப்பா போனாரு, பச்சையாவே வந்துக்கிட்டு இருந்தா திரும்பி வந்துருவாருன்னு வாண்டு சொல்லுச்சாம். இருமல் வந்தாக்கூட தலகாணியில வாயை அமுக்கிக்குமாம்.

இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல, எனக்குத் தண்ணியெல்லாம் வேணாம். அண்ணனுக்கு அண்ணி சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கான். உள்ள கூப்பிடறாங்க பாருங்க. மாஸ்க்கை எடுத்துட்டாங்க போல.

ஊதவச்சுப் பாக்கணுமா? பாத்துருங்க சிஸ்டர். நான் வரல, இங்கயே இருக்கேன். என்னைப் பாத்தா பயந்துரும்.