வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை

அய்யோ, திரும்பிப் போகாதீங்கம்மா. நான் ஆம்பளைதான், ஆனா உள்ள வர்ற ஆம்பளை இல்ல. பலகையில சரியாத்தான் போட்டிருக்கு: வெள்ளிக்கிழமை ஆறுலேர்ந்து ஏழரை, சவுனா நீராவிக் குளியல், பெண்கள் எல்லாருக்கும் பொது. நான் இந்தப் பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கேன். என் பேரு தௌனோ, மூணாவது மாடி. பஸ் ஓட்டிட்டிருந்தேன், இப்ப ஓய்வு. நீங்கதானே ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்தவங்க? தெரியும். அந்த சோஃபாவைப் படியில ஏத்த உங்களுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. படி வளைவுலேர்ந்து எட்டிப் பார்த்தேன். கை கொடுக்க வரலாம்னுதான் நெனச்சேன். தொந்தரவா இருக்குமோன்னு திரும்பிட்டேன்.

சிரிங்க, சிரிங்க. பின்லாந்துல நாம மரியாதை காட்டுற லட்சணம் அப்படி.

உள்ளயா? என் வீட்டுக்காரி இர்யா. தனியாத்தான் இருக்கா, இப்போதைக்கு. இல்லைங்க, இது அவளுக்குன்னு தனியா ஒதுக்கின நேரமெல்லாம் இல்ல. துண்டை மடிக்காதீங்க, உக்காருங்க. இன்னும் அடுப்புமேல இருக்கிற கல்லு சரியாக் காயல.

பத்தொன்பது வருஷமா வெள்ளிக்கிழமைன்னா இவங்க அஞ்சு பேருதான். கெர்த்து இருக்காளே, நாலாவது மாடி, இந்தக் கட்டடத்துச் சங்கத்துக்கே தலைவி, அவதான் இதுக்கும் தலைவி. நாங்க ஆம்பளைங்க சனிக்கிழமை உள்ள போனா மூணு வாக்கியம் பேசுவோம், அதுல ரெண்டு பனியைப் பத்தி. இவங்க சிரிக்கிறது மேல எங்க வீட்டுச் சமையலறை வரைக்கும் கேக்கும். கெர்த்து இடுப்பெலும்பு மாத்திக்கிட்டு வந்தாளே, அன்னிக்குத் தையல் போட்ட இடத்தை, உள்ள உக்கார்ற மேல் பலகையில ஏறி நின்னு காட்டினாளாம். நாலு பேரும் விரலால தடவிப் பார்த்து, டாக்டரு சாக்கு தைக்கிறவனா இருப்பான்டின்னு தீர்ப்பு சொல்லிட்டாங்களாம்.

போன வருஷம் பிப்ரவரியில இர்யாவுக்கு மார்புல கேன்சர். ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அப்புறம் மருந்து, கதிர் வைத்தியம். முடி போச்சு, வந்துச்சு. முன்ன கம்பி மாதிரி நேரா இருக்கும், இப்ப ஆட்டுக்குட்டியாட்டம் சுருட்டை. மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்கம்மா, அவளுக்கு அந்த மூஞ்சிதான் பிடிக்காது. சவுனாவுக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லியாச்சு. மயக்கம் கியக்கம் வந்தா கூப்பிடட்டும்னுதான் நான் இங்க.

அக்கம்பக்கத்துல நல்லவங்கதான், குறையே சொல்ல முடியாது. கதவுக் கைப்பிடியில ஏலக்காய் பன் பை தொங்கும். திறந்து பார்த்தா ஆளைக் காணோம். அறுபத்தெட்டு வயசுல, புது இடுப்போட, கெர்த்து படியேறி ஓடுற சத்தம் மட்டும் கேக்கும். இர்யா குப்பை கொட்ட வெளிய வந்தாப் போதும், மூணு கதவுக்குப் பின்னால மூணு பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இவ கீழ இறங்கினப்புறம்தான் பூட்டு திறக்கும். சங்கடப்படுத்தக் கூடாதாம். இவ சும்மா இருப்பாளா? ஒருநாள் ஒரு கதவு முன்னாடி நின்னு, நான் போயிட்டேன், இப்ப வெளிய வரலாம்னு கத்தினா! உள்ள ஏதோ பாத்திரம் விழுந்துச்சு.

அதுக்கு மேல ஒரு உபகாரம் பண்ணாங்க பாருங்க. சங்கத்துல கூடிப் பேசி, சவுனாவுல செவ்வாய்க்கிழமை மூணு மணியை எங்க ரெண்டு பேருக்குன்னே எழுதிக் கொடுத்துட்டாங்க. யாரு கண்ணும் படாம நிம்மதியா இருக்கட்டுமாம். நீ என்ன சொல்றன்னு இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேட்டாப் புண்படுத்தின மாதிரி ஆயிடுமாம். நாங்களும் நன்றி சொல்லிட்டோம். வேற என்ன சொல்றது?

அதுலேர்ந்து ஏழு மாசமா இவளுக்குத் துணை நான்தான். எனக்கு வம்பு பேச வராதுங்க. முதல் மாடிப் பொண்ணு புதுசா ஒருத்தனோட சுத்துறாளாமே, ஆளு எப்படின்னு கேப்பா. அவன் வண்டியில குளிர்கால டயரு தேஞ்சு கிடக்குன்னு சொல்வேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. தண்ணியை அள்ளிக் கல்லுல ஊத்துவா பாருங்க, என் காது ரெண்டும் வெந்துடும்.

ஆஸ்பத்திரியில பதினோரு தாள் கொடுத்தாங்க. என்ன சாப்பிடணும், கையை எப்படித் தூக்கணும், எங்க விக் வாங்கணும், எல்லாம் இருக்கு. அவ பதினொண்ணையும் படிச்சு முடிச்சுட்டு, தௌனோ, என் தையலை வெச்சு யாரு கேலி பண்ணுவாங்கன்னு ஒரு தாள்லயும் போடலையேன்னா. நான் அதைக் கேலி பண்ண முடியுமாம்மா? எனக்குக் கண்ணு கலங்கிடும். அப்புறம் அவ என்னைத் தேத்தணும். ரெட்டை வேலை அவளுக்கு.

நானா? எனக்கென்ன. அந்த நர்ஸ் பொண்ணு என்னையும் கேட்டுச்சு, நீங்க எப்படி இருக்கீங்கன்னு. குறை ஒண்ணுமில்லன்னேன். அதுவும் அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடுச்சு. சனிக்கிழமை சவுனாவா? போறதில்லைங்க இப்பல்லாம். யாரும் வராதேன்னு சொல்லல. வான்னும் சொல்லல. நான் ஒரே மூச்சுல இவ்வளவு பேசி ஒரு வருஷம் இருக்கும், தாங்கிக்கோங்க.

பாருங்க, எழுந்துட்டீங்க. வேற நாள் வர்றேன், அவங்க ஓய்வா இருக்கட்டும்னு ஆரம்பிச்சுட்டீங்களா? புதுசா வந்தவங்க நீங்களுமா? ஓய்வெடுத்து எடுத்து அலுத்துப்போனவம்மா அவ. இன்னிக்குக் காலையில அவளேதான் சொன்னா, செவ்வாய்க்கிழமை வேணாம், என் வெள்ளிக்கிழமை வேணும்னு. மதியமே துண்டை எடுத்து வெச்சுட்டா. பீர் ஆறு எடுத்துக்கிட்டா, ஆளுக்கு ஒண்ணு, கெர்த்துவுக்கு மட்டும் ரெண்டு. நானும் பூரிச்சுப்போயி, லிஃப்டுல கெர்த்துவைப் பார்த்ததும் சொல்லிட்டேன், இன்னிக்கு ஆறு மணிக்கு இர்யா வர்றான்னு. நல்லது, நல்லது, நாங்க பார்த்துக்கறோம்னு கையைக் கூடப் பிடிச்சுக்கிட்டா.

மணி எவ்வளவு? ஆறு இருபத்தஞ்சா... ஆமா. ரெண்டு தடவை உள்ளேர்ந்து கேட்டுட்டா, யாராவது வந்தாச்சான்னு. லிஃப்டு மெதுவா வருது, இதோ வந்துட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

வரமாட்டாங்க. ஆறடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே போன்ல செய்தி வந்துடுச்சு. இர்யா நிம்மதியாக் குளிக்கட்டும், நாங்க நாலு பேரும் இன்னிக்கு விட்டுக் கொடுத்துட்டோம், எங்களைப் பத்திக் கவலை வேண்டாம்னு, கடைசியில ஒரு பூப்படம் வேற. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா எப்பவும் போல வந்து தொலைச்சிருப்பாங்க.

அதனால நீங்க உள்ள போங்கம்மா. பாவம் பார்த்துப் போகாதீங்க, கண்டுபிடிச்சுடுவா. மேல் பலகையில ஏறி உக்காந்துக்கிட்டு, அந்த முதல் மாடிப் பொண்ணோட புது ஆளு எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலன்னாப் புளுகுங்க. தையல் கண்ணுல பட்டா நல்லாப் பாருங்க, தலையைத் திருப்பிக்காதீங்க.

நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கேட்டா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நம்ம முறைதானே, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லுங்க.