தடை எடுத்த பிறகு

— வீட்டையும் போகாமல் நேர இஞ்ச வந்திருக்கிறாய். அப்ப ஏதோ இருக்கு. சொல்லு றூபன், அவருக்குச் சுகமில்லையோ?

— அத்தானுக்குச் சுகம்தான் அக்கா. மெலிஞ்சிட்டார். ரெலிபோனில தெரியிறதை விட மெலிவு. போய் இறங்கின அண்டைக்கு எயாப்போட் வாசல்ல நிண்டவரை ஆரோ எண்டு நினைச்சுத் தாண்டிப் போயிட்டன். அவர்தான் பின்னால வந்து தோளில தட்டினவர்.

— தாடி கீடி வளத்திருக்கிறாரோ?

— இல்லை. நல்லா வழிச்சு, சேட்டைக் காற்சட்டைக்குள்ள விட்டு, சைற்றுக்குப் போற எஞ்சினியர் மாதிரியே நிண்டவர். போறதுக்குத்தான் சைற் இல்லை.

— எங்கால இருக்கும்? கொம்பனிக்காரர் அந்த இறங்குதுறையைப் பாதியில விட்டிட்டு ஓடிட்டாங்கள். ஓடினவங்கள் நல்லா இருக்கிறாங்கள், பிளானில கையெழுத்து வைச்ச ஆள் எண்டு அங்கத்தை அரசாங்கம் இவரைப் பிடிச்சு வைச்சிருக்கு. வழக்கு முடியுமட்டும் தீவை விட்டுப் போகக்கூடாதாம். மூண்டு வருசம் றூபன். சேர்ச்சில கேக்கிற ஆக்களுக்கு, கொன்ராக்ற் நீட்டிப் போட்டாங்கள் எண்டு சொல்லிச் சொல்லி, எனக்கே அது மெய் மாதிரிப் போச்சு.

— அக்கா, நான் சொல்லுற ஒழுங்கில கேளுங்கோவன். இடையில எழும்பிப் போகாதேங்கோ.

— நான் எங்க எழும்பிப் போறது? சொல்லு.

— தலைநகரம் எண்டு பேர்தான். கரையோட ஒரு தெரு, பின்னால மலை. ஒரு முனையில கதைக்கத் தொடங்கினா, கதை முடியிறதுக்குள்ள மற்ற முனை வந்திடும். முதல் நாள் எனக்கு அப்பிடிச் சந்தோசம், இஞ்சத்தைக் குளிருக்க இருந்து போன உடம்பெல்லோ. பிறகு மெல்ல மெல்ல மூச்சு முட்டத் தொடங்கீட்டுது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகங்கள். கடைக்காரன், பாதர், பாங்க் மனேஜர், எல்லாரும் அத்தானைக் கண்டா மிஸ்டர் பஸ்ரியன் எண்டு கையைத் தூக்குவினம். அவர் ஏன் அங்க நிக்கிறார் எண்டு தெரியாத சனம் இல்லை.

— போகேக்க என்ன சொல்லிப் போட்டுப் போனவர் தெரியுமோ? நெடுந்தீவில பிறந்தவனுக்குத் தீவு புதுசோ எண்டு சிரிச்சவர்.

— அதை என்னட்டையும் சொன்னவர். நெடுந்தீவில நினைச்சா வள்ளம் ஏறலாம், இஞ்ச இருக்கிறது கடல் இல்லை, மதில் எண்டார். கிழமையில ரெண்டு தரம் உல்லாசப் பயணக் கப்பல் வரும் அக்கா. நாங்கள் முதல் சென் ஜேம்ஸ் ரவுணில இருந்தமே, அந்த அடுக்குமாடி பில்டிங் உயரம். சனம் இறங்கித் தொப்பி வாங்கி, படம் எடுத்து, பின்னேரம் திரும்ப ஏறிடும். கடைசி ஆள் ஏறுமட்டும் அத்தான் கரையில இருந்து பாப்பார். கூட ஒரு இங்கிலீசுக் கிழவர் இருப்பார், ஒரு பிலிப்பீன் நேர்சும் வருவா. அடுத்த வருசம் ஊருக்குப் போறதைப் பற்றித்தான் கதை. கிழவர் இருபது வருசமா அடுத்த வருசம் போறாராம்.

— அவையளுக்கு அது பகிடி. இவருக்குப் பொலிஸில கையெழுத்து. திங்கட்கிழமை திங்கட்கிழமை போய் வைக்க வேணுமெல்லோ?

— போறவர். நானும் கூடப் போனனான். ஒரு பொம்பிளைச் சார்ஜன், உங்கட வயசு இருக்கும். கதிரையைத் துடைச்சுவிட்டு இருக்கச் சொன்னா. தேத்தண்ணி குடுத்தா. மகள் ஸ்டெபனியின்ர கலியாணப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாத்தா. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைச்சினம். பிறகு அத்தான் எழும்பி வந்திட்டார்.

— அவ்வளவுதானோ?

— அவ்வளவுதான். கையெழுத்து வைக்கேல்லை.

— அந்த மனுசி மறந்திருப்பா.

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். வெளியில வந்து, அத்தான் கையெழுத்து எண்டன். அவர் பாட்டில நடந்துகொண்டிருந்தார். சந்தையைத் தாண்டி, சேர்ச்சையும் தாண்டி, கடல் தெரியிற இடத்தில நிண்டுதான் வாயைத் திறந்தவர். அது இப்ப தேவையில்லை றூபன், தடையை எடுத்திட்டாங்கள் எண்டார். வழக்கில இவரில பிழை இல்லையெண்டு கோட்டில சொல்லிட்டினமாம். அந்தச் சார்ஜனிட்ட போறது சும்மா. திங்கட்கிழமை வேற எங்க போறதெண்டு தெரியேல்லையாம்.

— எப்ப எடுத்தவங்கள்? நீ அங்க நிக்கேக்கையோ?

— இல்லை.

— எப்ப றூபன்?

— மாசியில.

— மாசியோ. ஸ்டெபனியின்ர கலியாணம் ஆனியில.

— ஓம் அக்கா.

— லோயர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.

— தானே சொல்லுறன் எண்டு அத்தான் மறிச்சவராம்.

— உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ பிள்ளை சேர்ச்சுக்குள்ள நடந்தவள். முன் வரிசை வாங்கில ரெலிபோனை நிமித்தி வைச்சுப் போட்டு, அதில அப்பாவைப் பாத்துத் தலை குனிஞ்சவள். அந்தாள் அங்க கண்ணைத் துடைச்சதை நான் கண்டனான். மனிசன் சிறைப்பட்டுக் கிடக்குது எண்டு நான் அண்டைக்கு ஒரு வாய் சாப்பிடேல்லை. நீ ஒளிக்காமல் சொல்லு. அங்க ஆரும் இருக்கினமோ?

— அதை நானும் கேட்டனான். அப்பிடி இருந்தா உங்களுக்குச் சொல்லுறது சுகமா இருந்திருக்கும். பாதரின்ர வீட்டுப் பின்னறையில ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி. சேர்ச் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறார். அவற்ற சீவியம் அதுதான்.

— அப்ப ஏன்?

— கோட்டில விட்ட அண்டைக்கே உங்களுக்கு ரெலிபோன் எடுத்தவராம். அண்டைக்கு நீங்கள் நல்ல சந்தோசமாம். கலியாணத்துக்கு ஹோல் கிடைச்சிட்டுது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் நல்ல மாதிரி, அவையளுக்கு உங்கட நிலைமையைச் சொல்லி விளங்கப்படுத்திட்டன் எண்டு ஒரே மூச்சில சொன்னனீங்களாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நீங்கள் வராட்டியும் நாங்கள் சமாளிப்பம் எண்டும் சொன்னனீங்களாம்.

— அது அவற்ற ஆறுதலுக்குச் சொன்னது.

— அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சும், விட்டிட்டாங்கள் எண்டதைச் சொல்லாமலே ரெலிபோனை வைச்சிட்டாராம். நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டார். ஒரு கிழமை போனாப் பிறகு, ஏன் அண்டைக்கே சொல்லேல்லை எண்டு கேப்பியள் எண்ட பயம். கலியாணம் கிட்ட வரவர அது இன்னும் கூடிச்சு. கலியாணம் முடிஞ்சாப் பிறகு சொல்லுறதுக்கு வாயே இல்லை. கடலைப் பாத்துக்கொண்டுதான் இதெல்லாம் சொன்னவர். இஞ்ச நான் பிடிபட்ட மனிசன் றூபன், எல்லாருக்கும் என்னில இரக்கம், அங்க வந்தா வேலை இல்லாத கிழவன் எண்டார்.

— அப்ப எனக்கு ஆர் இரக்கப்படுறது? நான் பிடிபடேல்லையோ? ஒரு வீட்டு விசேசத்துக்குப் போறேல்லை, எங்க மனிசன் எண்டு கேப்பினம் எண்டு. விட்பியில ஸ்டெபனி புது வீட்டில அறை ஒதுக்கி வைச்சுக்கொண்டு, வாங்கோ அம்மா, வாங்கோ அம்மா எண்டு நிக்கிறாள். நான் போகேல்லை. அவரிட்ட இருக்கிற திறப்பு இந்தக் கதவுக்கெல்லோ? ஒரு நாள் விட்டிட்டாங்கள் எண்டு வந்து நிண்டா, வேற ஆரும் கதவைத் திறக்கக்கூடாதெண்டு இந்தப் பத்தொன்பதாம் மாடியில நான் காவல் இருந்தனான். மாசியில இருந்து ஆரைக் காவல் காத்தனான் றூபன்?

— அழாதேங்கோ அக்கா.

— நான் அழேல்லை. நீ அந்தாளைக் கழுத்தில பிடிச்சாவது இழுத்துக்கொண்டு வந்திருக்க வேணும்.

— என்ர பிளைற்றிலயே அவருக்கும் ஒரு இடம் எடுத்தனான். ஓமெண்டுதான் சொன்னவர். பாதருக்குச் சொல்லி, பெட்டி கட்டி, வெள்ளிக்கிழமை விடிய என்னோட வந்தவர். இமிகிரேசனில இருந்த பெட்டை பாஸ்போட்டைப் பாத்தாள், முத்திரை குத்தினாள், போயிட்டு வாங்கோ எண்ட மாதிரித் தலையை ஆட்டினாள். ஆரும் மறிக்கேல்லை. ஆனா அத்தான் அசையேல்லை. பின்னால லைன் நீண்டு சனம் முணுமுணுக்குது. ஆரோ ஓடி வந்து கையைப் பிடிப்பினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவர் போல. பிறகு வேர்த்து ஊத்தி, பக்கத்துக் கதிரையில இருந்திட்டார். எனக்கு ஏலாது, நீ போ எண்டார்.

— அதுதான் நீ வெள்ளிக்கிழமை வாறனெண்டு சொல்லிப் போட்டு வரேல்லையோ?

— ஓம். அந்தக் கோலத்தில விட்டிட்டு வர மனம் வரேல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோட திரும்பிப் போயிட்டன்.

— அந்த மனிசன் எந்த லைனிலயும் முன்னுக்கு நிண்டு பழகின மனிசன். வேர்த்து இருந்திட்டார் எண்டு நீ சொல்ல, பாவமாயும் இருக்கு. கோவமும் போகுதில்லை.

— வந்தா என்ன சொல்லுவியள்?

— வராத மனிசனுக்கு என்னத்தைச் சொல்லுறது?

— சும்மா சொல்லுங்கோவன்.

— ஏசுவன். கலியாணத்துக்கு ஏன் வரேல்லை எண்டு இந்த வாசலில வைச்சே ஏசுவன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி எட்டிப் பாத்தாலும் நிப்பாட்ட மாட்டன். ஏசி முடிஞ்சாப் பிறகுதான் சப்பாத்தைக் கழட்ட விடுவன்.

— கழட்ட விடுவியள்.

— பிறகென்ன செய்யிறது? ஸ்டெபனி தன்ர பங்குக்கு ஏசுவாள். வேலை இல்லாட்டி இல்லை, ரெண்டு பேரும் ஒரு கதவுக்குப் பின்னால இருந்து பாப்பம். நீ ஏன் இப்பிடித் துருவித் துருவிக் கேக்கிறாய்?

— கேட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினவர் அக்கா. நேற்று ரெண்டாம் தரம் எயாப்போட்டுக்குப் போய், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பிளேனில ஏறிட்டார். கீழ காருக்குள்ள இருக்கிறார், நான் உங்கட பதிலோட போகுமட்டும் சீற் பெல்ற்றைக் கழட்டமாட்டாராம்.